உறுமலைத் தடுக்காதீர்கள்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதுமே இந்த அரங்கம் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும். நாயைப் பிடித்தவர்கள் ஒரு பக்கம், நாய் கடித்தவர்கள் மறுபக்கம். இரண்டு பேருக்கும் நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நாய் நம்மிடம் பேசுவதில் பெரும்பகுதி தூரத்தைப் பற்றியது. கிட்டே வா, அங்கேயே நில், விலகிப் போ. இந்த மூன்றையும் வால், காது, கண், முதுகுமயிர், குரல் எல்லாவற்றையும் வைத்து அது நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாம்தான் அதற்குள் பாசம், பழி, ரோஷம், குற்ற உணர்ச்சி, எமன் வரவு என்று நமக்குத் தெரிந்ததை எல்லாம் ஏற்றிப் படிக்கிறோம்.

பணியில் இருந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட பேச்சு: "சும்மாதான் சார் இருந்துச்சு, திடீர்னு கடிச்சிருச்சு." கடிபட்டவரிடம் வாதாடக் கூடாது. ஆனால் திடீரென்று கடிக்கும் நாய் அபூர்வம். கடிப்பதற்கு முன்னால் அது பல தடவை கேட்டுப் பார்த்திருக்கும்.

மருத்துவமனை மேசைமேல் ஏற்றிய நாயைப் பாருங்கள். முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திருப்பினால் நம்மைப் பிடிக்கவில்லை என்று பொருள் கிடையாது. "எனக்குச் சண்டை வேண்டாம்" என்று பொருள். பிறகு, சாப்பிட எதுவுமே இல்லாதபோது நாக்கால் மூக்கு நுனியை ஒரு நக்கு நக்கும். கொட்டாவி விடும். தூக்கம் வந்தா கொட்டாவி விடுகிறது? ஊசியைப் பார்த்துக்கொண்டு யாருக்குத் தூக்கம் வரும்! மனம் இறுகும்போது நாய் கொட்டாவி விடும். நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் தூரித் ருகோஸ் இப்படிப்பட்ட சைகைகளைத் தொகுத்து ஒரு சின்னப் புத்தகமே எழுதினார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஆய்வுச் சான்று கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேசைப் பக்கம் நிற்பவனுக்கு அது கைகொடுத்தது.

இவற்றை நாம் கவனிக்கவில்லை என்றால் அடுத்தது வரும். தலையைத் திருப்பியபடியே ஓரக்கண்ணால் நம்மைப் பார்க்கும். அப்போது விழியின் வெள்ளை பிறைபோல் தெரியும். அதற்கும் அசையவில்லை என்றால் உடம்பு உறைந்துவிடும். இந்த உறைதல்தான் மிக முக்கியம். இளைத்துக்கொண்டிருந்த வாய் பட்டென்று மூடும், வால் நிற்கும், மூச்சே நின்றதுபோல் இருக்கும். ஒரு விநாடியோ இரண்டு விநாடியோதான். "பாருங்க, சமாதானம் ஆயிட்டான்" என்று உரிமையாளர் சொல்வது சரியாக அந்த நேரத்தில்தான். அனுபவப்பட்ட உதவியாளர் அப்போது கையை எடுத்துவிடுவார். பிறகு உறுமல், பிறகு பல்லைக் காட்டுதல், பிறகு காற்றில் ஒரு வெறுங்கடி. நாய் குறி தவறிவிட்டது என்று நாம் நினைப்போம். நாய் நினைத்தால் அந்தத் தூரத்தில் குறி தவறாது. அதுவும் எச்சரிக்கைதான்.

எல்லா நாயும் இதே வரிசையில் போகும் என்று எண்ண வேண்டாம். ஏற்கெனவே கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நாய் இரண்டு கட்டத்தைத் தாண்டி நேராகப் பல்லுக்கு வரும். அதை அப்படி ஆக்குவது பெரும்பாலும் நாம்தான்.

வீட்டு நாய் சோற்றுத் தட்டருகே உறுமுகிறது. "சோறு போடுற என்னையே உறுமுறியா?" என்று முதுகில் ஒன்று வைக்கிறோம். நான்கு நாள் இப்படிச் செய்தால் உறுமுவதை அது நிறுத்திவிடும். நமக்கு வெற்றி. ஆனால் என்ன நின்றது? சமையல் கேஸுக்கு இயல்பில் வாடை கிடையாது; கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். உறுமலை அடித்து நிறுத்துவது கேஸை விட்டுவிட்டு நாற்றத்தை மட்டும் எடுத்துவிடுவது. தட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் அதற்குள் அப்படியேதான் இருக்கிறது, முன்பைவிடக் கூடுதலாக. பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் தவழ்ந்து போன குழந்தையைச் சத்தமில்லாமல் கடிக்கும். "திடீர்னு" கடித்தது என்று என்னிடம் கொண்டு வருவார்கள். நாய் உறுமினால் இரண்டடி பின்னால் போங்கள். எதற்காக உறுமியது என்று யோசியுங்கள். அது காட்டிக்கொடுத்த காரணத்தைச் சரிசெய்யுங்கள். தட்டருகே போகும்போதெல்லாம் ஒரு துண்டு மீனையோ முட்டையையோ கூடுதலாகப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தால், நம் கால் சத்தம் அதற்கு நல்ல செய்தியாக மாறும். நாள் பிடிக்கும். அடி ஒன்றும் வேண்டியதில்லை.

முன்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒன்று. கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு. நாய்க்கு, கழுத்தைச் சுற்றி ஒருவன் கை போட்டால் ஓட வழி அடைபட்டுவிட்டது என்று பொருள். உங்கள் வீட்டு நாய் பொறுத்துக்கொள்ளும்; பக்கத்து வீட்டு நாய் ஏன் பொறுக்கவேண்டும்? புது நாயைத் தொட ஆசையா? அதன் வீட்டுக்காரரைக் கேளுங்கள். பக்கவாட்டில் நில்லுங்கள், முகத்துக்கு நேராகக் குனியாதீர்கள், அதுவே வந்து மோந்து பார்க்கட்டும். பிறகு மார்புப் பக்கம் சொறிந்துவிடுங்கள். மூன்று விநாடி சொறிந்துவிட்டுக் கையை எடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் தலையால் இடித்துக் கேட்கும். கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இனி வால். வாலை ஆட்டினால் நட்பு என்பது பாதி உண்மை. வால் ஆட்டம் காட்டுவது, உள்ளே ஏதோ கிளர்ச்சி ஓடுகிறது என்பதை. இடுப்பு, பின்கால் எல்லாம் சேர்ந்து வளைந்து குழைந்தால் அது வரவேற்பு. வால் மட்டும் விறைப்பாக மேலே நின்று, நுனி படபடவென்று சின்னதாக ஆடினால், உடம்பின் எடை முன்காலுக்கு வந்திருந்தால், அங்கே கை நீட்டாதீர்கள். ஒவ்வொரு நாய்க்கும் வால் இயல்பாக எங்கே இருக்கும் என்றும் தெரிந்திருக்கவேண்டும். நம் தெரு நாட்டு நாய்க்கு வால் சுருண்டு மேலேதான் இருக்கும். சிப்பிப்பாறைக்குச் சாதாரணமாகவே தாழ்ந்து தொங்கும். தொங்குகிறதே, பயந்திருக்கிறது என்று அதைப் படித்தால் தப்பு.

சார்லஸ் டார்வின் 1872-ல் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிக்காட்டும் விதம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் இரண்டு நாய்ப் படங்களை அடுத்தடுத்து வைத்திருப்பார். ஒன்று பகையோடு நெருங்குவது: உடம்பு நிமிர்ந்து, வால் விறைத்து, மயிர் சிலிர்த்து. மற்றது பணிவும் பாசமுமாக வருவது: உடம்பு தாழ்ந்து வளைந்து, காது பின்னால் சாய்ந்து, வால் தணிந்து ஆடியபடி. ஒன்றுக்கு ஒன்று நேர் தலைகீழ். எதிரான மனநிலையை எதிரான உடல்நிலையால் காட்டுகிறது என்பது டார்வினின் விளக்கம். அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, உறுப்பைத் தனியாகப் பார்க்காமல் முழு உருவத்தையும் பார்ப்பது. சிரிப்பதுபோல் பல் தெரிகிறதா, உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முன்னங்காலை நீட்டித் தரையோடு தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்கிறதா, அது விளையாட்டு அழைப்பு. அதற்குப் பின் வரும் உறுமலும் கடியும் எல்லாம் பொய். அமெரிக்காவில் மார்க் பெக்காஃப் இந்த விளையாட்டு வணக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். விளையாட்டில் கொஞ்சம் அழுத்திக் கடித்துவிட நேர்ந்தால், அதற்கு முன்போ பின்போ நாய் இந்த வணக்கத்தைப் போடுவது கூடுதல் என்று கண்டார்.

வாலைப் பற்றி இன்னொரு வேடிக்கை. இத்தாலியில் பாரி நகரத்து ஆய்வாளர்கள் 2007-ல் 30 நாய்களை வைத்துப் பார்த்ததில், உரிமையாளரைக் கண்டால் வால் தன் வலப்பக்கம் கூடுதலாகவும், அறிமுகமில்லாத முரட்டு நாயைக் கண்டால் இடப்பக்கம் கூடுதலாகவும் ஆடியது. வீடியோவில் அளந்து கண்டது. தெருவில் ஒரு நாய் எதிரே நிற்கும்போது வலமா இடமா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

அடுத்து, வீடுதோறும் நடக்கும் விசாரணை. வெளியே போய்விட்டு வருகிறோம். செருப்பு கந்தலாகக் கிடக்கிறது. "யார் இதைச் செஞ்சது?" என்று கேட்டதும் நாய் காதை மடக்கி, வாலை இடுக்கி, மூலையில் ஒண்டி, கண்ணைத் தாழ்த்துகிறது. "பாத்தீங்களா, தப்புன்னு அதுக்கே தெரியுது!" நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரியின் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-ல் இதைச் சோதித்தார். 14 நாய்கள். தின்னக்கூடாது என்று ஒரு தின்பண்டத்தைக் காட்டிவிட்டு உரிமையாளர் வெளியே போவார். அந்த நேரத்தில் சில தடவை ஆய்வாளரே அதை நாய்க்குக் கொடுத்துவிடுவார், சில தடவை எடுத்துவிடுவார். திரும்பி வரும் உரிமையாளரிடம் நாய் தின்றதா இல்லையா என்று சில நேரம் உண்மையும் சில நேரம் பொய்யும் சொல்வார்கள். தின்றதென்று நம்பியவர்கள் திட்டினார்கள். அந்தக் "குற்றவாளி முகம்" தின்ற நாய்க்கு வரவில்லை. திட்டு வாங்கிய நாய்க்கு வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது அதிகமாகத் தெரிந்தது. நிரபராதிதான் கூடுதலாகக் குறுகி நின்றான்! அது வாக்குமூலம் அல்ல. கோபமாக நிற்கும் பெரிய உருவத்திடம் "என்னை விட்டுவிடு" என்று கேட்பது. நாய்க்கு மனசாட்சி கிடையாது என்று இதிலிருந்து நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. மூன்று மணிநேரம் கழித்துச் செருப்புக்காக அடிப்பதால் அது கற்பது செருப்பைப் பற்றி அல்ல, நீங்கள் வாசலில் நுழையும் நேரத்தைப் பற்றி என்பது மட்டும் நிச்சயம்.

நாயை அடக்கி ஆளவேண்டும், நாம்தான் கூட்டத் தலைவன் என்று காட்டவேண்டும் என்று ஒரு பேச்சு பயிற்சியாளர்களிடம் இன்றும் இருக்கிறது. நாய் சாப்பிடுவதற்கு முன்னால் நாம் சாப்பிட வேண்டும், வாசலில் முதலில் நாம் நுழையவேண்டும், எதிர்த்தால் மல்லாத்திப் போட்டு அழுத்தவேண்டும். இது எங்கிருந்து வந்தது? சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து ருடால்ஃப் ஷெங்கல் 1947-ல் எழுதியதிலிருந்து. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டால் சண்டை போடாமல் என்ன செய்யும்? அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ல் எழுதிய ஓநாய் நூல் இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியது. பிறகு அவரே கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைக் கோடைதோறும் பார்த்துவிட்டு, 1999-ல் தன் கருத்தைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். தலைமைக்குப் போட்டி என்று எதுவும் பெரிதாக நடப்பதில்லை. ஆசிரியர் மாறிவிட்டார், வாசகர்கள் மாறவில்லை. நாயை மல்லாத்தி அழுத்தினால் தலைவனாக மாட்டீர்கள், நம்ப முடியாத ஆளாக ஆவீர்கள்.

தெருவுக்கு வருவோம். இரவில் பைக்கில் போகிறவர்களைக் கூட்டமாகத் துரத்துவது ஏன்? ஓடுகிற பொருளைத் துரத்துவது இயல்பில் உள்ளது. அதோடு, தெரு அவற்றின் எல்லை. இதைவிட முக்கியமாக நான் நினைப்பது வேறு. துரத்தும் ஒவ்வொரு முறையும் பைக் போய்விடுகிறது. நமக்குத் தெரியும், நாம் வீட்டுக்குப் போகிறோம். நாய்க்குத் தெரிவது, குரைத்தேன், ஓடிவிட்டான். தினமும் வெற்றி பெறும் தொழிலை யார் விடுவார்கள்? ஆகவே ஆக்ஸிலேட்டரை முறுக்காதீர்கள். வேகத்தைக் குறையுங்கள், நின்றால் இன்னும் நல்லது. பெரும்பாலும் நாய் குழம்பிப்போய் நின்றுவிடும். நடந்து போகிறவர்கள் ஓடக்கூடாது, முறைத்துப் பார்க்கக்கூடாது, கையை வீசக்கூடாது. கையைக் கட்டி, முகத்தைச் சற்றே திருப்பி நின்று, பிறகு பக்கவாட்டில் மெல்ல நகருங்கள். மழைக்காலம் முடிந்து பனி இறங்கும் மாதங்களில் தெருவில் குட்டிகள் அதிகம். நேற்று வரை வாலாட்டிய பெட்டை இன்று சீறினால், பக்கத்துச் சாக்கடைத் திட்டின் கீழே எட்டிப் பார்க்காமல் விலகுங்கள்; அங்கே குட்டி இருக்கும்.

தெருநாய்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. உலகத்து நாய் ஆய்வில் பெரும்பகுதி சோபாவில் படுத்திருக்கும் நாயை வைத்துத்தான். கொல்கத்தாவில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவர் மாணவர்களும் வங்காளத்துத் தெருக்களிலேயே தெருநாய்களை ஆராய்கிறார்கள். யாரும் பயிற்சி கொடுக்காத தெருநாய், முன்பின் தெரியாத மனிதர் கையால் சுட்டிக்காட்டும் கிண்ணத்தை நோக்கிப் போகிறது என்று 2020-ல் காட்டினார்கள். கிட்டே வந்த நாய்களில் ஐந்தில் நான்கு பங்கு சரியான பக்கம் போயின. பாதி நாய்கள் பயத்தில் கிட்டேயே வரவில்லை என்பதையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பாதிதான் பெரிய செய்தி. நம் கையைப் பற்றி அவற்றுக்கு என்ன அனுபவமோ! அதே குழு 2017-ல் கண்டது: புது மனிதரிடம் தெருநாய்க்கு நம்பிக்கை வளர, உணவைவிடத் தடவிக்கொடுத்தல் கூடுதலாக உதவியது.

குரைப்பை நாம் ஏற்கெனவே நன்றாகத்தான் படிக்கிறோம். அடுப்படியில் இருந்தபடியே, "யாரோ புது ஆளு, போய்ப் பாரு" என்று அம்மா சொல்வார். "அது பூனையைக் குரைக்குது, விடு" என்றும் சொல்வார். ஹங்கேரியில் பீட்டர் பொங்கிராட்ஸ் நாய்க் குரைப்புகளைப் பதிவுசெய்து மக்களுக்குப் போட்டுக் காட்டினார். நாய் வளர்க்காதவர்கள்கூட எந்தச் சூழலில் குரைத்தது என்று ஓரளவு சரியாகவே சொன்னார்கள்.

ஊளையில்தான் தடுமாறுகிறோம். ஊளை என்பது தொலைவில் இருப்பவரோடு தொடர்பு கொள்ளும் குரல். ஆம்புலன்ஸ் சைரனுக்கும் கோயில் சங்குக்கும் நாய் கூடச் சேர்ந்து இழுப்பதைக் கேட்டிருப்பீர்கள். நாய் அழுதால் சாவு என்ற நம்பிக்கை எப்படி வந்திருக்கும்? என் கணிப்பைச் சொல்கிறேன். சாவுக்குக் காத்திருக்கும் வீட்டில் இரவெல்லாம் விளக்கெரியும், வெளியூர் ஆட்கள் வந்தபடி இருப்பார்கள், ஒப்பாரியும் சங்கும் எழும். தெருநாய் அதற்கெல்லாம் பதில் குரல் கொடுக்கும். நினைவில் நாம் வரிசையை மாற்றி அடுக்கிவிடுகிறோம். சாவு விழாத வீட்டருகே ஊளையிட்ட இரவுகளை யாரும் கணக்கு வைப்பதில்லை.

புல் தின்பது பற்றி எப்போதும் கேட்பீர்கள். வயிறு சரியில்லாமல் வாந்திக்காகத் தின்கிறது என்கிறோம். கலிஃபோர்னியாவில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் உரிமையாளர்களிடம் விசாரித்ததில், தின்பதற்கு முன் நோய்க்குறி காட்டியவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. புல் பெரும்பாலான நாய்களுக்குச் சும்மா ஒரு பழக்கம். தீபாவளி வெடிக்கு நடுங்குவது பழக்கம் அல்ல, உண்மையான பயம். நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டால் அதன் காது 45,000 வரை போகும். கட்டிலுக்கடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுங்கள். "செல்லம் கொடுத்தால் பயம் கூடும்" என்பது சரியல்ல.

கடைசியாக, தப்பாகப் படித்தால் உயிர் போகும் இடம். வெறிநோய். கண்டதையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் நாயை எல்லோருக்கும் தெரியும். இன்னொரு வகை இருக்கிறது: ஊமை வகை. நாய் சுருண்டு இருட்டில் ஒதுங்கும். கூப்பிட்டால் வராது. கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வழியும், விழுங்க முடியாது, குரல் கம்மிப்போகும். "தொண்டையில் எலும்பு சிக்கிருச்சு" என்று நினைத்து வாய்க்குள் கையை விடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். பூட்டிவைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். இன்னொன்று: "தண்ணி வெச்சுப் பாத்தோம் சார், குடிக்க வந்துச்சு, அதனால வெறி இல்லை." தண்ணீரைக் கண்டு அஞ்சுவது மனிதருக்கு வரும் அறிகுறி. வெறிபிடித்த நாய் தண்ணீரருகே வரும், குடிக்க முயலும். உள்ளே இறங்காது, அவ்வளவுதான். பழகிய நாயின் குணம் காரணமில்லாமல் மாறினால், சாதுவானது சீறினாலும் சரி, முரடு திடீரென்று குழைந்தாலும் சரி, சந்தேகப்படுங்கள்.

கடிபட்டால், கீறல்தானே என்று பார்க்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலில் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் உண்டு. நாயை 10 நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். அந்த 10 நாள் முடியட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். நாயைப் பார்ப்பதும் ஊசி போடுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டியவை.